தேதி மாற்றுகிறவர்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே
ஒரு எடைமேடை.
அதன் கம்ப்யூட்டர் படுத்து இரண்டு நாள்.

"சித்த நேரத்துல ஆயிருமுங்களா?"
ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் ஆறுச்சாமி.
அவர் வண்டியில் பதினாறு டன் கொப்பரை.
பின்னால் நான்கு லாரி.
அதற்கும் பின்னால் கிளுவை வேலி, கொரங்காடு,
காற்றாலைகளின் சிவப்பு விளக்கு.

"ஆயிருமுங்க" என்றேன்.
என் தொழிலில் முதலில் சொல்லும் பொய் அது.

பென்டிரைவைச் செருகினேன்.
எஃப் பன்னிரண்டு விசை
எத்தனையோ எண்ணெய்க் கைகளில் ஊறி
அழுந்த மறுத்தது.
டெலீட் அழுந்தியது.
நீலத் திரைக்குள் போய்
முன்னே பென்டிரைவ், பின்னே ஹார்டு டிஸ்க் என்று
வரிசை மாற்றி வைத்தேன்.

இன்ஸ்டாலர் வந்தது.
வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஏறி
பாதித் திரையில் நின்றன.
நின்றது நின்றதுதான்.

தாராபுரத்து பஸ்ஸில் இறக்கிய கோப்பு.
ஊதியூரில் சிக்னல் அறுந்தது
இப்போது ஞாபகம் வந்தது.
பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு
லேப்டாப்போடு கேட் வரைக்கும் நடந்தேன்;
அங்கேதான் இரண்டு கோடு கிடைக்கும்.
நாலு ஜிபி.
ஆறுச்சாமி ஸ்டவ் பற்றவைத்து
சோறாக்கி, தின்று, பாத்திரமும் கழுவிவிட்டார்.

புதிதாக எழுதிய பென்டிரைவ்.
இந்த முறை எழுத்துகூட இல்லை.
கறுப்பு.
மூலையில் ஒரு சின்னக் கோடு
வந்து வந்து போனது.

முதலாவது பாதியாவது வந்ததே!
மறுபடி கேட்.
இன்னொரு பென்டிரைவ், பின்பக்கத்துத் துளை.
அதே கோடு.
மறுபடி கேட்.
இந்தத் தடவை கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்தேன்,
அறுபத்து நான்கு எழுத்து,
விரல் வைத்து ஒவ்வொன்றாக.
எல்லாம் ஒத்துப்போனது.
பென்டிரைவ் மேல் குற்றமில்லை.
மணி பன்னிரண்டரை.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளும் தீர்ந்தன.

திரும்பி நீலத் திரைக்குள் போனேன்.
நான் வைத்த வரிசை அங்கே இல்லை.
ஓரத்தில் தேதி:
2009, ஜனவரி ஒன்று.

"செல்லக்குமாரண்ணா, இந்தத் தேதி?"

"அதுங்களா? தினமும் காலீல
நான்தானுங்க மாத்துவேன்."
நாற்காலிக்குத் தூசு தட்டுகிற மாதிரி சொன்னார்.
"எத்தன நாளா?"
"ஒரு ரெண்டு வருசமிருக்குமுங்க."
"சொல்லலையே?"
"யாரும் கேக்கலீங்களே."

அப்போதுதான் பார்த்தேன்.
நான் கேட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும்
பின்னாலேயே எழுந்து
சுவரில் சுவிட்சையும் அணைத்திருக்கிறார்.
இடி மின்னல் பயம்.
கரண்டு நின்றதும் பெட்டிக்குச்
சொன்னதெல்லாம் மறந்துபோகும்.
உள்ளேயிருக்கும் பொட்டு பேட்டரி
என்றைக்கோ செத்துவிட்டது.

இந்த ராத்திரியில் எந்தக் கடை திறந்திருக்கும்?

லாரிகள் நகரவில்லை என்று
கோபமாக வந்து இறங்கினார் ஓனர் சென்னியப்பன்.
கையில் கார் சாவி.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
சாவியைப் பார்த்தேன்.

"என்னுங்க, வெளையாடறீங்களா?"
ஆனாலும் கொடுத்தார்.
நகத்தால் நெம்பினேன்.
உள்ளே அதே அளவு, அதே எண்.

ஒன்றே முக்காலுக்கு
இன்ஸ்டாலர் முதல் வரியிலிருந்து
கடைசி வரி வரைக்கும் ஓடியது.
தேதியை நான் வைக்கவில்லை.
செல்லக்குமாரண்ணன் வைத்தார்,
கடைசித் தடவையாக,
கொஞ்சம் யோசித்துத்தான்.

முதல் சீட்டு வெளியே வந்தது.
கொப்பரையும் லாரியும் ஆறுச்சாமியும் சேர்த்து
இருபத்தாறாயிரத்து நானூற்றுப் பத்து.
இந்த மேடைக்குப்
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
பேட்டரி மூன்று கிராம்.

வெளியே சென்னியப்பன்
சாவிப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.
பிறகு பழையபடி துளையில் விட்டுத் திருகினார்.

கார் கத்த ஆரம்பித்தது.
கொரங்காட்டு நாய்களெல்லாம் எழுந்துகொண்டன.